அரை மணிக்குள் வரக்கூடிய ஆள்

மார்ச் 4

பாப்பா அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன். நாம் பிரிந்ததிலிருந்து நான் மகளோடு அவள் ஊரில் இருப்பதால் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள்வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறேன். நகராட்சி அனுமதிக்கு ஒரு நிபந்தனை: தங்குகிறவர்களால் தொல்லை என்று புகார் வந்தால், அரை மணிக்குள் வந்து நிற்க உள்ளூர் ஆள் வேண்டும். அவர் பெயரும் போன் எண்ணும் கேட்டில் தொங்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி மாடியறையில் இருக்கும் உங்களை விட்டால் எனக்கு அங்கே யாருமில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிட்டாலே வராதவர் நீங்கள். யோசித்துச் சொல்லுங்கள்.

பாப்பா அம்மா

மார்ச் 11

பாப்பா அம்மாவுக்கு,

சம்மதம். நகராட்சி அதிகாரி சோதித்துப் பார்க்கப் போனில் கூப்பிட்டார். சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி, அவர் வருவதற்கு முன்பே உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "ரொம்பப் பொறுப்பான ஆளா இருக்கீங்களே சார்" என்றார். இதை உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. என் பெயரும் எண்ணும் எழுதிய பலகையைக் கேட்டில் மாட்டியாயிற்று.

பாப்பா அப்பா

ஜூலை 20

பாப்பா அப்பாவுக்கு,

நகராட்சியிலிருந்து நோட்டீஸ். விருந்தினர் யாரும் வராத நாட்களிலும் வீட்டில் விளக்கு எரிகிறது என்று எதிர்வீட்டு டீச்சர் புகார் கொடுத்திருக்கிறார். பலகையில் இருந்த எண்ணுக்குத்தான் முதலில் கூப்பிட்டாராம். போன் மணி நம் வீட்டுக்குள்ளேயே அடித்ததாம்.

உள்ளே இருப்பவர் விருந்தினரா, குடும்பத்தவரா என்று எழுதித் தர வேண்டும். விருந்தினர் என்றால் வருஷத்துக்கு இத்தனை நாள்தான் வாடகைக்கு விடலாம் என்ற வரம்பு தாண்டிவிட்டது, அனுமதி ரத்து. குடும்பத்தவர் என்றால் முழு வீட்டையும் விட முடியாது. அங்கே என்னதான் நடக்கிறது?

பாப்பா அம்மா

ஜூலை 26

பாப்பா அம்மாவுக்கு,

தப்புதான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று போனேன். சோபாவில் சாய்ந்தவன் விடிந்துதான் எழுந்தேன். குழாய் சரியான பிறகும் போனேன். மாடியறையில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

யாரோ கேட்காமல் நுழைந்துவிட்டான் என்று எழுதிவிடு, உன் அனுமதியாவது பிழைக்கும். விருந்தினருக்காக நீ என்னிடம் கொடுத்து வைத்த சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

பாப்பா அப்பா

ஆகஸ்ட் 5

பாப்பா அப்பாவுக்கு,

சாவியை டீச்சரிடம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. குடும்பத்தவர் என்றே எழுதி அனுப்பிவிட்டேன். எழுதும்போது கோபமாகத்தான் இருந்தது, இப்போதும் முழுதாகத் தணியவில்லை.

இனி முன்னறையை மட்டும்தான் வாடகைக்கு விடலாம். அதற்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உங்கள் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டில் இருக்கும் பலகையையும் கழற்றிவிடுங்கள். வீட்டிலேயே ஆள் இருந்தால், வெளியிலிருந்து ஓடிவர யாரும் தேவையில்லையாம்.

பாப்பா அம்மா