நாபண்டாவின் பீப்பாய்

தியாமிகே அப்பா,

"நாம போற ஊர்ல யாராவது செத்தா, சாவு வீட்டுக்குத் தண்ணி யாரும்மா சுமப்பாங்க?" என்று நம் மகள் தியாமிகே போன மாதம் கேட்டாள். நான் மாவைச் சலித்துக்கொண்டே இருந்தேன். பதில் எனக்கு இன்றும் தெரியவில்லை.

லிலோங்வே விமான நிலையத்துக்குப் போக வண்டி வந்துவிட்டது. நீங்கள் இன்னும் உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து திரும்பவில்லை. "போ, போயி அந்தப் பனியக் கட்டிக்கிட்டு வாழு" என்று நேற்று கத்தினீர்கள். "பனியாவது என்கிட்ட கத்தாது" என்றேன். அது வேண்டாத வார்த்தை.

எனக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது, பிள்ளைகளுக்கு விசா வந்தது. உங்களுக்கு மட்டும் இரண்டாம் முறையும் மறுத்துவிட்டார்கள். அடுத்த முறை தருவார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கே நம்பிக்கையில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

சாவி உரலுக்கு அடியில் இருக்கிறது. மாவு ஒரு மாதம் வரும். கருவாட்டை வெயிலில் காட்டுங்கள், இல்லையென்றால் புழு வைத்துவிடும்.

நம் மகன் லிம்பானி தன் ஒரு செருப்பை உங்கள் கட்டிலடியில் வேண்டுமென்றே விட்டிருக்கிறான். "அப்பா எடுத்துட்டு வரட்டும்" என்கிறான். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பின்குறிப்பு: நம் கைக்குழந்தை இறந்தபோது பக்கத்து வீட்டு நாபண்டா மூன்று நாள் நமக்குத் தண்ணீர் சுமந்தாள். இப்போது அவளுக்குக் கை ஒடிந்திருக்கிறது. இன்று விடியுமுன் அடிகுழாயில் யாருமில்லை. ஏழு நடை நடந்து அவள் பீப்பாயை நிரப்பிவிட்டேன். யார் நிரப்பியது என்று கேட்பாள். தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.