தட்டைப் பென்சிலுக்கு ஷார்ப்னர் கிடையாது

என்னங்க,

தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டேன், வர சாயங்காலம் ஆகும். சாப்பாடு டிபன் பாக்ஸ்ல இருக்கு. மறக்காம வீட்டைப் பூட்டுங்க.

பட்டறைக்கு நீங்க கேட்ட ஷார்ப்னர் வாங்கல. மரச் சாமானுக்குப் பாலிஷ் போட வந்திருக்குற அந்தப் பொண்ணு கொண்டுவந்ததைவிட நல்லதா வாங்கிடணும்னு வீம்போடதான் போனேன். உங்க தட்டைப் பென்சிலை நாலு ஷார்ப்னர்ல விட்டுப் பாத்தேன், ஒண்ணுலயும் நுழையல. "இதைக் கத்தியாலதாம்மா சீவணும்"னு கடைக்காரர் சொன்னதும் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. பதினோரு வருஷமா நான் கத்தியாலதானே சீவித் தர்றேன்?

அவளோட ஷார்ப்னர் ஊசி மாதிரி சீவுதுன்னு மூணு நாளா சாப்பிடும்போதெல்லாம் சொல்றீங்க. நான் சீவினதைப் பத்தி ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கீங்களா?

அதுக்காக உருண்டைப் பென்சிலுக்கு வேற மாறிட்டீங்க. பலகையில வச்சா உருண்டு விழுமே, அவளே குனிஞ்சு எடுத்துத் தருவாளாமா?

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: தட்டைப் பென்சிலைச் சீவி உங்க சட்டைப் பையில வச்சிருக்கேன். திரும்பி வரும்போது பட்டறை வழியாத்தான் வருவேன். காதுல எந்தப் பென்சில் சொருகியிருக்குன்னு பாத்துக்கறேன்.