முதலாளிக்குத் தெரியாத கார்

11.03.2008, செவ்வாய்

என் காருக்குப் பயந்து இன்று ஒரு தெருவே ஓடியது. பழைய ஜெர்மன் டீசல் கார் வாங்கினால் கண்டியே திரும்பிப் பார்க்கும் என்று ஆசைப்பட்டவன் நான்தான்.

மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போய், வழக்கம்போல் கடைக்காரர் பண்டா முதலாளியின் கடை முன்னால் நிறுத்தினேன். ஏற்றம் ஏறி வந்தால் எஞ்சினை அணைத்த பிறகும் சூட்டில் டிக் டிக் என்று சத்தம் வரும். இருவரும் திரும்பி வந்தபோது காரைச் சுற்றிக் கயிறு, தூரத்தில் கூட்டம், நடுவில் பொலிஸ். உள்ளே குண்டாம்.

நானும் கூட்டத்தில் நின்று, "யாரு கார்?" என்று கேட்டேன். அவ்வளவு வீரம்.

மகள் கையை இழுத்தாள். "நம்ம கார்ப்பா! சொல்லுங்க, கண்ணாடிய உடைக்கப் போறாங்க."

சொன்னேன். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், காரின் பதிவுப் புத்தகத்தில் பழைய சொந்தக்காரரின் சிங்களப் பெயர். அப்படியே இருந்தால் செக்பொயின்டில் தொல்லையில்லை என்று மாற்றாமல் விட்ட என் மூளைக்கு இரண்டு மணி நேர விசாரணை. பழைய சொந்தக்காரர் போனில் பேசிய பிறகே விட்டார்கள்.

பொலிஸுக்குச் சொன்னது பண்டா முதலாளி. "மாத்தயா கார்னு தெரியாதே!" என்று என்னைச் சிங்களத்தில் ஐயா போட்டுச் சிரித்தார். போன வாரம் இதே காரில் என்னோடு நாவலப்பிட்டி வரை வந்தவர்.

"இனி அங்க நிப்பாட்டாதீங்க" என்கிறாள் மனைவி. நிறுத்தாவிட்டால் அதையும் அவர் பொலிஸில் சொல்லலாம். நாளையும் அங்கேதான். இறங்கியதும், "முதலாளி, இது என் கார்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.