லைட் ஹவுஸ் ஜன்னல்

மார்ச் 3

காலையிலேயே நாலு ட்ரிப். ஆமை மேட்டில் முனகிக்கொண்டே ஏறியது. ஆமை என்பது என் பாட்டரி வண்டிக்கு நான் வைத்த பேர், ஓனருக்குத் தெரியாது. கடல்பாலம், கோட்டை, பீரங்கி, மணிக்கூண்டு, லைட் ஹவுஸ். அஞ்சையும் ஒரு மணி நேரத்தில் காட்டி இறக்கிவிட வேண்டும். வருகிறவர்கள் முதலில் கேட்பது பாத்ரூம். அதையும் சேர்த்தால் ஆறு.

ஒரு புது மாப்பிள்ளை கோட்டைச் சுவரைக் காட்டி, "இதுல ஏன் இத்தன ஓட்டை?" என்றான். "எதிரி உள்ள எட்டிப் பாத்து, ஐயோ பாவம்னு திரும்பிப் போகத்தான்" என்றேன். பெண்டாட்டி சிரித்தாள். மாப்பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதிக்கொள்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

மார்ச் 5

சுற்றுலா ஆபீஸ் ஆள் வந்து ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மாசத்திலிருந்து பேட்ஜ் இல்லாத டிரைவர் கோட்டை வாசலைத் தாண்டக் கூடாதாம். பேட்ஜ் வேண்டுமென்றால் நேரில் இருபது கேள்வி, பன்னிரண்டு சரியாகச் சொல்ல வேண்டும். எல்லாம் அவர்கள் அச்சடித்த புத்தகத்திலிருந்து.

அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அம்பத்திரண்டு வயசில் பரீட்சையா? தோற்றால் ஆமையை வேறொருத்தன் ஓட்டுவான். நான் என்ன பண்ணுவேன், கடலை எண்ணுவேனா?

மார்ச் 6

வீட்டுக்காரி வாசிக்க, நான் கேட்டேன். பதினேழாம் பக்கம்: "கலங்கரை விளக்கத்தின் கரைப்பக்க ஜன்னல், காவலரை அவர் மனைவி சாப்பிட அழைத்துக் குரல் கொடுப்பதற்காக அமைக்கப்பட்டது. அக்குரலுக்கு அஞ்சிக் கப்பல்கள் திசைமாறியதாகச் செவிவழிச் செய்தி."

நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். "இது கல்யாணமான புதுசுல நீங்க எங்கிட்ட விட்ட ரீல் இல்ல?"

அதேதான்! அவளைக் கிண்டல் பண்ண விட்டது. அப்புறம் வண்டியில் வருகிறவர்களிடமும் விட்டேன். எவனோ எழுதிக்கொண்டு போய் அச்சிலேயே ஏற்றிவிட்டான். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு மார்க் இப்போதே கையில்.

மார்ச் 9

மழை. ட்ரிப் இல்லை. மணிக்கூண்டுக்குப் படி தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி நாலு.

மார்ச் 11

லைட் ஹவுஸ் வாசலில் புது போர்டு. என் கதை, பெரிய எழுத்தில். பக்கத்தில் வாயைப் பிளந்த ஒரு பொம்பளைப் படம். பெருமை தாங்காமல் வண்டியை நிறுத்தி வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நீலக் குடை வைத்திருந்த ஒரு அம்மாவைத் தவிர. அறுபது வயசிருக்கும், தனியாக வந்தவர்.

மற்றவர்கள் மேலே ஏறப் போனதும், "என்னம்மா, முட்டி மக்கர் பண்ணுதா?" என்றேன்.

"மேல பாக்க எனக்கு என்னப்பா இருக்கு? பத்து வயசு வரைக்கும் இங்கதான் இருந்தேன்."

அவர் அப்பாதான் கடைசிக் காவலராம்.

"அப்பாவுக்குச் சுத்தமா காது கேக்காது. அம்மா கத்தி என்ன ஆகப்போகுது? அப்பா கரையில எங்க இருந்தாலும் தெரியற மாதிரி அந்த ஜன்னல்ல துண்டு கட்டுவாங்க. ஒரு துண்டுன்னா சாப்பாடு. ரெண்டுன்னா விருந்தாளி. மூணுன்னா, போட்டது போட்டபடி ஓடி வாங்க."

"மூணு எப்பவாச்சும் கட்டினாங்களா?"

"ஒரே தடவ. நான் பொறந்த அன்னிக்கு."

போர்டை மறுபடி பார்த்தார். "அம்மா அதிர்ந்து பேசினதே இல்ல. யாரு எழுதினாங்களோ" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

நான்தான் என்று சொன்னேனா? இல்லை. ஊரெல்லாம் அளக்கிற வாய் — அப்ப மட்டும் எங்க போய்த் தொலஞ்சுது?

மார்ச் 12

மூணு லாட்ஜில் கேட்டேன். நீலக் குடை அம்மா நேற்று சாயங்காலமே கிளம்பிவிட்டாராம்.

மார்ச் 13

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கேள்வி வந்தா என்ன சொல்வீங்க?"

"வராது."

"வந்தா?"

வேற பேச்சு பேசு என்றேன்.

மார்ச் 16

பரீட்சை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக்காரர், பேனாவோடு. பத்தொன்பது கேள்வி முடிந்தது. பதினொன்று சரி. இன்னும் ஒன்று வேண்டும், இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி.

"லைட் ஹவுஸ்ல கரைப்பக்கம் ஜன்னல் எதுக்கு?"

கை நிறைய மார்க்கை வைத்துக்கொண்டு நீட்டுகிறார். கூப்பிட்டுச் சாப்பாடு போடத்தான் சார் என்றால் முடிந்தது.

"துண்டு கட்டறதுக்கு சார்."

"என்னது?"

முழுசாகச் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டி, "இதுல அப்படி இல்லையே?" என்றார்.

"அதுல இருக்கறது பொய் சார். நான் விட்டது."

கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இருபத்தி மூணாம் பக்கத்துல இந்த பீரங்கிக் கதை?"

"சத்தியமா அது நான் இல்ல சார். வேற டிரைவர்."

அவர் உதடு துடித்த மாதிரி இருந்தது. சிரிப்பா, எரிச்சலா? "நீங்க சொல்றத மட்டும் எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம் சார். காது கேக்காத காவலர் ஒருத்தர் இருந்தாரான்னு பழைய ரிஜிஸ்தரப் பாருங்க. அந்தம்மா போர்டு முன்னாடி நின்ன நிலைய நீங்க பாக்கல."

எழுதிக்கொண்டார். முதல் தடவையாக எழுதிக்கொள்கிறவரைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை.

"பதினொண்ணுதான் வந்திருக்கு. தெரியுதா?"

"அஞ்சாங்கிளாஸ்ல எண்ணச் சொல்லிக் குடுத்தாங்க சார்."

வீட்டில் திட்டு விழும் என்று பார்த்தேன். தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

மார்ச் 20

பதில் இல்லை. ஆமையைத் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். அடுத்தவன் கையில் போனாலும் அழுக்காகப் போகக் கூடாது.

மார்ச் 24

போர்டைக் காணோம்! ரெண்டு கம்பி மட்டும் நிற்கிறது. "இங்க என்ன இருந்துச்சு?" என்று ஒரு டீச்சரம்மா கேட்டார். "ஒரு பொய் இருந்துச்சும்மா" என்று சொல்லி, துண்டுக் கதையைச் சொன்னேன். "நல்லா ரீல் விடறீங்க!" என்றார். எனக்கு இது நன்றாக வேண்டும்.

மார்ச் 27

மூணாவது ட்ரிப். கடல்பாலத்திலிருந்து திரும்பும்போது எங்கள் வீட்டு மாடி தெரியும். ஜன்னல் கம்பியில் துண்டு. துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள் என்று பார்த்தால் — முடிச்சுப் போட்டு, வரிசையாக, மூணு.

என்னாச்சு இவளுக்கு? எட்டுப் பேரோடு ஆமையை சந்துக்குள் விட்டேன். "இந்த இடம் லிஸ்ட்ல இல்லையே" என்று பின்சீட்டில் ஒரு குரல். படியில் ரெண்டு ரெண்டாகத் தாவினேன்.

இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், கல்லு மாதிரி. "ட்ரிப்புல இருந்தா ஃபோன எடுக்க மாட்டீங்க. வேற என்ன பண்றது?" கையில் ஆபீஸ் கவர், பிரித்த கவர். உள்ளே பேட்ஜ். கூட ஒரு சின்னத் தாள்: "பழைய பதிவேட்டில் சரிபார்க்கப்பட்டது. இருபதாவது விடை சரி. பக்கம் 17 திருத்தப்படும்."

எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை வாசித்தேன்.

கீழேயிருந்து, "டிரைவர், இங்க என்ன பாக்கணும்?" என்று சத்தம்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டே, "மேல பாருங்க! கத்தற பொம்பள இருக்கற ஜன்னல் இதுதான்!" என்றேன்.

ஒரு துண்டை அவிழ்த்து அதாலேயே அடித்தாள். மிச்சம் ரெண்டு தொங்கியது. விருந்தாளி என்று அர்த்தம். எட்டுப் பேருக்கும் டீ போட்டாள்.