கரண்ட் வேலிக்கு ஒரு புத்தகம்

ஜூன் 22, செவ்வாய்

வெயில். மேற்கே மேகம் கூடுகிறது, எங்கள் நல்லேப்பிள்ளிக்கு ஒரு சொட்டு இல்லை. காலையில் வழக்கம்போல் கரண்ட் கட், ஆறிலிருந்து ஒன்பது வரை.

மாப்பிள்ளையின் கரும்பில் மறுபடியும் காட்டுப்பன்றி. ஒரு மூலையே போச்சு. வேலந்தாவளம் சந்தைக்கு மாடு விற்கப் போனவர் கம்பிச் சுருளோடு திரும்பியிருக்கிறார். மோட்டார் ரூமிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்து வேலி போடப் போகிறாராம். ஆட்கள் செத்துப் போவார்கள் என்றேன். சிரித்தார்.

"எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க மச்சான்? காட்டுங்க, அன்னைக்கே அவுத்து வீசிப்போடறேன்."

வீம்பு பிடித்தவர், ஆனால் சொன்னால் செய்வார். தங்கை சரசுவைக் கட்டியவர் என்பதால் அதட்டவும் முடியாது. புத்தகத்தைக் காட்டுவதுதான் வழி.

வாங்க: யூரியா, தே. எண்ணெய், டார்ச் செல்.

ஜூன் 24

கரண்ட் ஆபீஸ். ஓவர்சியர் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். வேலிக்கு மெயின் லைன் கொடுக்கவே கூடாது, அதற்குப் புத்தகம் எதற்கு என்றார். அதையே ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். "எழுதித் தரான் பற்றில்ல" என்றார் மலையாளத்தில், எழுதித் தர முடியாதாம். மேலாபீசுக்கு மனு போட வேண்டுமாம். போட்டேன். மனுவை ஒரு கட்டின் அடியில் செருகினார். மேலே வைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

கூடப் படித்த ராமு சித்திரபுரத்தில் கரண்ட் குவார்ட்டர்ஸில் இருக்கிறான், பவர் ஹவுஸ் வேலை. அவனுக்குக் கார்டு எழுதினேன். அங்கே அப்படியொரு புத்தகம் இருந்தாலும் இருக்கும்.

ஜூன் 29

வேலி முடிந்தது. மூன்று வரிசை, மூங்கில் குச்சி, சைக்கிள் ட்யூப் துண்டு. பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது.

சுவிட்ச் எப்போதும் போட்டபடியே, யாரும் தொடுவதில்லை. காலை கட் நேரத்தில்தான் களை எடுப்பது, வரப்பில் புல் அறுப்பது எல்லாம். ஊரே அந்த மூன்று மணி நேரத்தை நம்பி நடமாடுகிறது. பண்ணையாள் சின்னான் பெண்டாட்டி மாராள் கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறாள். பதறினேன். "கட் நேரத்துல அதுக்கு ஏதுங்க பண்ணாடி உசுரு?" என்றாள். நானும் அதே கம்பியை மிதித்துத்தான் தாண்டி வந்தேன்.

ஜூலை 3

ஒரு பன்றி செத்தது. கறி பங்கு வந்தது. சாப்பிட்டேன். ருசியாக இருந்ததையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 6

கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார். முதுகு வலி.

ஜூலை 9, வெள்ளி

மழை! மத்தியானத்திலிருந்து விடாமல்.

ராமுவின் கவர் வந்தது. பவர் ஹவுஸ் அலமாரியில் பழைய சீமைப் புத்தகம் ஒன்று இருந்ததாம், வெளியே கொண்டுபோகக் கூடாதாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தமிழாக்கி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறான். வேலிக்கு மெயின் லைன் நேராகக் கூடவே கூடாது. நடுவில் தனிப் பெட்டி வேண்டும், அது விட்டு விட்டு அடிக்கும், உதறித் தள்ளும், பிடித்துக்கொள்ளாது. வேலிக்குத் தனி எர்த். எச்சரிக்கைப் பலகை. கடைசியில் அவன் சொந்தமாக ஒரு வரி: "டேய், இன்றைக்கே கழற்றச் சொல்."

சாயங்காலம் குடையோடு போனேன். மாப்பிள்ளை கோயம்புத்தூர் போயிருக்கிறார். சரசு, "காலைல வந்துருவாருங்ணா, நீங்களே காட்டுங்க" என்றாள். சுவிட்சை அணைக்கச் சொல்லியிருக்கலாம். அவர் இல்லாதபோது அவர் மோட்டார் ரூமில் கை வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

ரேடியோவில் நல்ல செய்தி. மலையில் மழை, அணைகளில் தண்ணீர். நாளை முதல் காலை கட் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். காலையிலேயே மோட்டார் போடலாம்.

ஜூலை 10

மாராள். காலை ஏழு மணி, வேலிக் கம்பியில். புல் கட்டு பக்கத்திலேயே கிடந்தது.

ராமுவின் கவர், ரேடியோ, இரண்டு செய்தியும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. சேர்த்து நினைக்கவில்லை.

ஜூலை 11

மழை விட்டு விட்டு. அடக்கம் ஆனது. மாப்பிள்ளை கம்பியைச் சுருட்டிவிட்டார். நான் எதையும் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜூலை 13

சரசு வந்தாள். நாளை இன்ஸ்பெக்டர் விசாரணை. தெரியாமல் செய்ததென்றால் ஒரு மாதிரி, சொல்லியும் கேட்காமல் செய்ததென்றால் வேறு மாதிரி கேஸாம். "அவருக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்ணா. நீங்க சொன்னா ஊரே நம்பும்." அழவில்லை. அழுதிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.



ஜூலை 14

தூறல். பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு போட்டு விசாரணை. ஓவர்சியரும் வந்திருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. சின்னான் தூணோரம் நின்றான்.

வேலிக்கு இப்படிக் கரண்ட் கொடுக்கக் கூடாதென்று இங்கே யாருக்காவது தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தெரியாதுங்க என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

படி இறங்கும்போது சின்னான் பின்னாலேயே வந்தான். கும்பிட்டான்.

"பண்ணாடிக்கே தெரியலீன்னா, அவளுக்கு எப்படிங்க தெரியும்?"