கேமரா பட்டையில் அச்சடித்த நம்பர்

வெள்ளிக்கிழமை, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குக்கூட.

ஸ்போர்ட்ஸ் டேவுக்கு அப்பாவின் ஸ்டூடியோ கேமராவை அவரிடம் கேட்காமல் எடுத்துப் போனேன். மிஸ் படங்களை உடனே போனில் அனுப்பச் சொன்னதால் கேமராவின் வைஃபையைப் போட்டேன். அணைக்க மறந்துவிட்டேன். பாஸ்வேர்ட் அப்பாவின் போன் நம்பர். விளம்பரத்துக்காக அதையே கேமரா பட்டையிலும் பெரிதாக அச்சடித்திருக்கிறார். என் வகுப்பு ரம்யா அதைப் பார்த்து, பாஸ்வேர்டாக இருக்குமோ என்று தன் போனில் அடித்தாளாம். உடனே திறந்துகொண்டது.

உள்ளே, போன வாரம் ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பா எடுத்த சாவு வீட்டுப் படங்கள். இறந்தவர் எங்கள் வகுப்பு ஸ்டெல்லாவின் அப்பா. சவப்பெட்டிக்குள் கிடக்கும் அவர் முகத்தை ரம்யா ஸ்டிக்கராக்கி, "குட் நைட் மச்சி" என்று எழுதி வகுப்பு குரூப்பில் போட்டாள். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

"அழிச்சிடுடி, ப்ளீஸ்," என்றேன்.

"உங்கப்பா கேமராலேர்ந்துதானே வந்துச்சு? நீயே போய் ஸ்டெல்லாகிட்ட சொல்லேன், பாக்கலாம்."

ஸ்டெல்லா இன்னும் பள்ளிக்கு வரவில்லை. ஆனால் குரூப்பில் இருக்கிறாள். பார்த்துவிட்டாள்.

இப்போது வாசலில் அவள் அண்ணன் கத்துகிறான். "சத்தியமா அதுக்கப்புறம் என் கேமரா வீட்ட விட்டுப் போகலப்பா," என்று அப்பா கெஞ்சுகிறார். சத்தம் நின்றுவிட்டது. அப்பா இந்தப் பக்கம் வருகிறார். கதவைத் தட்டுகி