பேப்பர் மேல் ஐந்து பேர்

ஜூலை 10, வியாழன்

காலையில் தூறல். பத்து மணிக்கே வெயில். சனிக்கிழமை ஆபீஸ் மொத்தமும் வெள்ளிமலைக்கு. சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து, சேர்ந்து வேலை செய்யவும் சேர்ந்து யோசிக்கவும் பயிற்சி தருவாராம். கணக்குப் பார்க்கும் கோவிந்தன் சார் முனகல்: "வெத விக்கிற கம்பெனிக்கு வெளையாட்டு இன்னாத்துக்கு?"

சாந்தி அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மேனேஜர், கோவிந்தன் சார், ரவி, மூன்று மேசையிலும் பத்திரிகை. அக்காவுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அதில் இல்லை. மாசியில் இவர் போனதிலிருந்து இப்படித்தான். புருஷன் இல்லாதவளை யார் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும், வேலைக்கு இனி வரவில்லை என்று.

ஜூலை 11, வெள்ளி

எடுத்துப்போக: சால்வை, வாந்தி மாத்திரை, குடை. சிலிண்டர் புக் செய்ய மறந்துவிட்டேன். ராத்திரி ரசம் மட்டும். உப்பு போட்டேனா, தெரியவில்லை.

ஜூலை 12, சனி

வேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் ரவி வாந்தி. மேலே குளிர், மேகம்.

விளையாட்டு இதுதான். தரையில் ஒரு நியூஸ் பேப்பர். ஐந்து பேரும் அதன்மேல் நிற்க வேண்டும், கால் தரையில் படக்கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பேப்பரைப் பாதியாக மடிப்பார்கள். எதிரில் சின்னசேலம் கிளை ஐந்து பேர்.

எங்கள் பேப்பரில் முருகன் படம். யாரும் கால் வைக்கவில்லை. கோவிந்தன் சார் படத்தை மட்டும் கிழித்து, கண்ணில் ஒற்றி, பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். ஆரம்பத்திலேயே எங்கள் இடம் கம்மி. மேடம் சிரித்துவிட்டார்.

இரண்டாவது சுற்றில் நானாகவே இறங்கிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. மற்ற நாலு பேரும் தாராளமாக நின்றார்கள். "பாருங்க, அமுதா விட்டுக்கொடுத்து டீமைக் காப்பாத்திட்டாங்க, கைதட்டுங்க" என்றார் மேடம். தட்டினார்கள்.

சாந்தி அக்கா தட்டவில்லை. "அவ எறங்கிட்டா நாங்க ஜெயிச்சதா எப்டிங்க மேடம் கணக்கு? மறுபடி வைங்க."

மறுபடி வைத்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். கோவிந்தன் சார் ஒற்றைக் காலில், ரவி அவர் முதுகில், மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு. நான் இறங்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "இருடி. எங்கயும் போவாத." அவள் மூச்சு என் கழுத்தில். மாசிக்குப் பிறகு யாரும் என்னை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டதில்லை.

பேப்பர் கிழிந்து எல்லோரும் விழுந்தோம். சின்னசேலம்தான் ஜெயித்தது.

வேனில் அக்கா என் பக்கம் உட்கார்ந்தாள். தூங்கிவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

ஜூலை 14, திங்கள்

காற்று. பஸ்ஸில் கூட்டம். மேனேஜர் அறைக்குப் போக எழுந்தேன். "எங்க போற? டீ வந்துக்கினு இருக்குது, உக்காரு" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன்.

டீ குடித்து முடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்துடு. பாப்பாவுக்கு நீயும் நலங்கு வெக்கணும். மாமியா எதுனா பேசினா நான் பாத்துக்கறேன்."

மேனேஜர் அறைக்குப் போகவில்லை.

ஜாக்கெட் கைக்குக் கீழே அக்காவின் விரல் தடம், நீலமாக. இரண்டு நாளாகப் பார்க்கவே இல்லை. அமுக்கினால் வலிக்கிறது. மறுபடியும் அமுக்கிப் பார்த்தேன்.